வறுத்த பயறும் வாங்கும் விதையும்

காஞ்சியை அடுத்துப் பெங்களூர்ப் பெருவழியோரம் அமைந்த திருப்புட்குழி, புள்ளுக்குக் குழியமைத்த கதையைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர். அங்கு மரகதவல்லித் தாயாரை வணங்கும் பெண்டிர், வறுத்த பயற்றை நனைத்து மடியிற் கட்டி உறங்குவர். விடியலில் அது முளைவிட்டிருந்தால் மகப்பேறு வாய்க்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. அந்நம்பிக்கையை ஆய்வது ஈண்டு நம் நோக்கமன்று. விதை முளைத்தலே வாழ்வு எனக் கண்ட உழவர் மரபொன்று அதனுள் பொதிந்து கிடக்கின்றது. அம்மரபினர் இன்று விதைக்காகக் கடைவாயிலில் நிற்கின்றனரே, அதுவே நம் கவலை!

பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல்லாராய்ச்சி நிறுவனம் 1966-இல் வெளியிட்ட ஐ.ஆர்.8 என்னும் குட்டைநெல், விளைச்சலைப் பெருக்கிப் பசி தணித்தது. அதனை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் அதன் வழிவந்த வேளாண்மை வேதியுரத்தையும் பூச்சிக்கொல்லியையும் மிகுதியாக வேண்டி நின்றது. வெள்ளந்தாங்கும் காட்டுயானமும், உவர்நிலத்தும் விளையும் குழியடிச்சானும், பூங்காரும், கருங்குறுவையும் பெரும்பாலான வயல்களை விட்டு நீங்கின. நெல் நீங்கியபின் அதன் பெயர் நாவில் எவ்வாறு தங்கும்? அண்மையில் வகுப்பில், "உங்கள் வீட்டில் உண்பது என்ன அரிசி?" என்று வினவினோம். கடைப்பையின் பெயரைக் கூறினரேயன்றி, நெல்லின் பெயரைக் கூறினார் ஒருவரும் இலர்.

இழந்ததை மீட்டவரும் நம்மிடையே வாழ்ந்தனர். நம்மாழ்வாரின் வழிநின்ற நெல் செயராமன், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தினார். இரண்டு கிலோ விதை பெற்றவர், அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பதே அவர் வகுத்த நெறி. 2018-இல் அவர் மறைந்தபோது, 174 மரபு நெல்வகைகளை மீட்டவர் எனத் தமிழகம் அவரைப் போற்றியது. கடனாகச் சென்ற விதை இரட்டித்து மீண்டது; அதன்மேல் எவரும் உரிமை கொண்டாடவில்லை.

இன்று 'உயிரியற் பொருளியல்' என்று பேசுகின்றனர். நிலத்தடி எண்ணெயையே நம்பிக் கிடவாது பயிர், நுண்ணுயிர் முதலியவற்றால் தொழில் வளர்ப்பது அது. அதற்கென நடுவணரசு 2024-இல் தனிக்கொள்கையும் வகுத்தது. நன்று! ஆனால் அப்பொருளியலின் வேராகிய விதை எவர் கையில் இருக்கும்? விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் உழவர்க்கு உரிமையுண்டு என்கின்றது 2001-ஆம் ஆண்டுச் சட்டம். ஒட்டுவிதையின் விளைச்சலிலிருந்து எடுத்துவைத்த விதையோ, மறுபோகத்தில் முன்னைய பண்போடு விளைவதில்லை. ஏட்டில் உள்ள உரிமை களத்தில் வறுத்த பயறாகின்றது!

தமிழ்ப் பற்றாளர்களே! மாப்பிள்ளைச் சம்பா என்னும் சொல்லை அகரமுதலியில் மட்டும் காத்துப் பயனில்லை. ஊர்தோறும் விதைக்களம் அமைப்போம். மரபுநெல் விளைவிக்கும் உழவனுக்கு உரிய விலை கொடுத்து வாங்குவோம். பள்ளி உணவில் திங்களுக்கு ஒருமுறையேனும் அவ்வரிசி இடம்பெறக் கேட்போம். சொல்லும் நெல்லும் புழங்கினால்தான் வாழும். முதற்பிடி விதை நம் வீட்டிலிருந்து புறப்படுக!