கணக்கில் வராத தொழிலாளி

நாள் முழுதும் சேற்றில் நின்று நாற்று நடும் பெண்ணுக்குக் காய்ச்சல் வருகிறது. இரண்டு நாள் கஞ்சி குடித்துப் படுக்கிறாள். பிறகு கண் மஞ்சளாகிறது, சிறுநீர் குறைகிறது. எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீர் கால் வெடிப்பு வழியே உடம்பில் புகுந்தால் வரும் எலிக்காய்ச்சல் இப்படித்தான் ஆளை வீழ்த்துகிறது. ஆனால் பதிவேட்டில் “காய்ச்சல்” என்ற ஒரே சொல் விழுந்தால், வயலில் நின்றதால் வந்த நோய் என்ற உண்மை அத்தோடு புதைந்து போகிறது.

நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று கணக்கிட்டுச் சொல்லும் சாஸ்திரமே நோய்ப்பரவல் இயல். சென்னையில் 1999-ல் ஏற்பட்ட தேசிய நோய்ப்பரவல் இயல் நிலையம் 2001 முதல் இதில் களப்பயிற்சி அளித்து வருகிறது. நமது திருவாரூரை அடுத்த நீலக்குடியில் இயங்கும் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் இதற்கென ஒரு துறை இருக்கிறது. இதை வரவேற்கிறோம். ஆனால் இந்தக் கணக்கில் உழைப்பாளியின் உயிர் சேருமா என்பதே நமது கேள்வி.

கணக்கு ஏமாற்றவும் செய்யும். ஓர் ஆலையின் கார்டிங் பகுதியில் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். பஞ்சுத் தூசியால் மூச்சு இறுகி 30 பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். மிச்சமிருக்கும் 70 பேரை டாக்டர் சோதிக்கிறார். 7 பேருக்குத்தான் நோய். நூற்றுக்குப் பத்து என்று எழுதுகிறார். ஆலை நிர்வாகத்துக்குச் சந்தோஷம்! போனவர்களையும் சேர்த்தால் நூற்றுக்கு 37 அல்லவா?

1950-களில் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் டாக்டர் ரிச்சர்ட் ஷில்லிங் தொழிலாளரை நேரில் விசாரித்தார். விடுமுறை கழிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் மார்பு இறுகுகிறதா என்று கேட்டு, பகுதிவாரியாக ஒப்பிட்டார். சாதாரண இருமல் என்று தள்ளப்பட்டது, தூசியால் வந்த தொழில் நோய் என்று தெரிந்தது. 1978-ல் அமெரிக்கா ஆலைக் காற்றில் பஞ்சுத் தூசிக்குச் சட்டப்படி வரம்பு வைத்தது. சரியான கணக்கு தொழிலாளியின் கையில் ஆயுதம்.

வயதுக்கு வயது, வேலைக்கு வேலை ஒப்பிடுவதும், கணக்கில் விடுபட்டவர் யார் என்று தேடுவதும் நுணுக்கமான வேலை. பல நாடுகளில் மூன்று மாத ஆரம்பப் பயிற்சிக்கும் ஈராண்டு உயர் பயிற்சிக்கும் நடுவே, ஒன்பது முதல் பன்னிரண்டு மாத இடைநிலைப் பயிற்சி இதற்காகவே நடக்கிறது. உத்தியோகத்தில் இருந்தபடியே படிக்கலாம்.

ஆகவே நாம் கோருவது இதுதான். டெல்டாவின் ஒவ்வொரு வட்டாரத்திலும் இந்தப் பயிற்சி பெற்றவர் இருக்க வேண்டும். நோயாளியின் தொழில், எத்தனை ஆண்டு வேலை, ஏன் விட்டார் என்பதெல்லாம் பதிவாக வேண்டும். முடிவுகளைக் கிராம சபையிலும் ஆலை வாசலிலும் தமிழில் படித்துக் காட்ட வேண்டும்.

நமக்கும் கடமை உண்டு, தோழர்களே! சுகாதார ஆய்வாளர் வந்தால் செய்யும் வேலையை மறைக்காமல் சொல்லுங்கள். நோயால் வேலையை விட்டவர்களின் பட்டியலை ஒவ்வொரு சங்கமும் இன்றே எழுதத் தொடங்கட்டும். நம் பெயர் இல்லாத கணக்கை நாம் ஏற்க மாட்டோம்!