இடுகாடு காப்பாற்றிய காடு

லண்டன் போய்வந்தேன் என்றால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "பிக் பென் பார்த்தியா? அரண்மனை பார்த்தியா?" இல்லை சார். மூன்று வாரத்தில் நான் அதிகம் பார்த்தது என் அத்தானின் முதுகைத்தான். அவர் முன்னால் நடக்க, நான் பின்னால் நடந்தேன். மரியாதை என்று நினைக்காதீர்கள். விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் இருக்க வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு!

அக்காவும் அத்தானும் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறார்கள். அது லண்டனில்தான் இருக்கிறது என்று சத்தியம் செய்தால்தான் நம்புவீர்கள். முருங்கைக்காய், கொத்து பரோட்டா, கொஞ்ச தூரத்தில் முருகன் கோயில். அத்தான் அங்கே இருபத்திரண்டு வருஷமாக அக்கவுன்டன்ட். நாற்காலியில் உட்கார்ந்தே சம்பாதித்தவர். போன வருஷம் ஜூலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஒரு ஸ்டென்ட். டாக்டர் மாத்திரைகளை எழுதிக் கொடுத்துவிட்டு, "தினம் அரை மணி நேரம் நடங்க. அதுதான் நிஜமான மருந்து" என்றாராம்.

மாத்திரையை டாணென்று விழுங்கினார். நடை மட்டும், ம்ஹூம்! மழை, குளிர், ஷூ கடிக்கிறது, நாய் குரைக்கிறது. அக்டோபரில் நான் போய் இறங்கிய அன்றே அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"மழையுமில்ல, குளிருமில்லடா. இங்கேருந்து நடக்கிற தூரத்தில வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸ்னு பெரிய திடல் இருக்கு. அதுக்குப் பக்கத்தில சிமெட்ரி. ஆஸ்பத்திரிலேருந்து வந்ததிலேருந்து அந்த கேட்டை அவரால பார்க்க முடியல. கார்லகூட சுத்திக்கிட்டுத்தான் போறார். நீ எங்கேயாவது மரம் மட்டையா இருக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போயேன்."

மரம் மட்டை என்றால் எப்பிங் காடு. மேனர் பார்க்கில் ஆரம்பித்து எப்பிங் ஊர் வரைக்கும் 19 கிலோமீட்டர் நீளம், சுமார் 6,000 ஏக்கர். உள்ளே போக டிக்கெட் கிடையாது. கேட் கிடையாது. ஊர் பக்கத்தில் இப்படி ஒரு காடு இருந்தும் அத்தான் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடப் போனதில்லை. (இதில் சிரிக்க எனக்குத் தகுதியில்லை. கிண்டி ரயில்வே ஸ்டேஷனில் பத்து வருஷம் ஏறி இறங்கியும் கிண்டிப் பூங்காவின் ஒரு மானைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை.)

"காடா? பாம்பு இருக்குமே மாப்ளே?"

"நடக்கற பாதையெல்லாம் பூங்கா மாதிரி போட்டிருக்காங்க அத்தான். சக்கர நாற்காலியே போகுதாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். சிமெட்ரி பக்கம் போகாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு சிங்ஃபோர்டு போய்ச் சேர்ந்தோம். நடப்பதற்காக அவ்வளவு தூரம் காரில் போவதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

முதல் நாள் இரவே நான் ஒரு தந்திரம் யோசித்து வைத்திருந்தேன். அத்தான் ஒரு காலத்தில் தொடர்கதைப் பைத்தியம். ஊரிலிருந்து வாரப் பத்திரிகை வந்தால் அக்காவுக்குக் கொடுக்காமல் ஒளித்துவைத்துப் படிப்பவர். அவருடைய மகள் நூலகத்திலிருந்து எடுத்து வைத்திருந்த எப்பிங் காட்டுப் புத்தகத்தை ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் புரட்டி, கதையாக மனப்பாடம் செய்துவிட்டேன். பெஞ்ச்சுக்கு பெஞ்ச் ஓர் அத்தியாயம். அடுத்த அத்தியாயம் வேண்டுமென்றால் அடுத்த பெஞ்ச் வரைக்கும் நடந்தாக வேண்டும்!

சிங்ஃபோர்டில் ஒரு குன்றின்மேல் எட்டாம் ஹென்றிக்காக 1543-ல் கட்டிய மூன்று மாடி மரவீடு நிற்கிறது. மேல்மாடிகளுக்கு அப்போது சுவரே கிடையாது. மேலே நின்றபடி வேட்டையைப் பார்க்கலாம், தோன்றினால் அம்பும் விடலாம். பிற்பாடு அவர் மகள் முதலாம் எலிசபெத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த அம்மாள் குதிரையோடு மாடிப்படி ஏறியதாகக்கூடக் கதை உண்டு.

"ராஜா காடு. அதான் இவ்வளவு நாள் தப்பிச்சிருக்கு" என்றார் அத்தான்.

"அதுதான் இல்லை" என்று ஆரம்பித்தேன். ஃபாரஸ்ட் என்றால் அந்தக் காலத்தில் மரக்கூட்டம் என்று அர்த்தமல்ல. ராஜாவின் வேட்டைச் சட்டம் செல்லுபடியாகும் நிலம், அவ்வளவுதான். மண் பண்ணையார்களுடையது. மான் ராஜாவுடையது. மாடு மேய்ப்பதும் விறகு வெட்டுவதும் ஊர்க்காரர்களின் உரிமை. ஒரே நிலத்துக்கு மூன்று பங்குதாரர்கள்! ராஜாக்களுக்கு வேட்டை அலுத்துப்போனதும் பண்ணையார்கள் மெதுவாக வேலி போட ஆரம்பித்தார்கள். பக்கத்திலிருந்த ஹைனால்ட் காட்டை 1851-ல் சட்டம் போட்டே அழித்தாயிற்று. அடுத்தது எப்பிங்.

"அப்புறம்?"

"அப்புறம் கீழே ஏரிக்கரைல."

எழுந்துவிட்டார்!

கன்னாட் வாட்டர் என்கிற அந்த ஏரியைச் சுற்றி வர ஒன்றரை கிலோமீட்டர் சொச்சம். மேடு பள்ளம் கிடையாது. வாத்துகள், தள்ளுவண்டியில் குழந்தைகள், கைகோத்துக்கொண்டு நடக்கும் தாத்தா பாட்டிகள். இலையெல்லாம் செம்பு நிறம். அருகில் ஹார்ன்பீம் என்று ஒரு ஜாதி மரம், முண்டும் முடிச்சுமாக, ஆள் உயரத்துக்கு மேலே பத்து கைகளை விரித்துக்கொண்டு நின்றது.

"என்ன மாப்ளே இது, இலங்கேஸ்வரன் மாதிரி?"

அதுதான் இரண்டாம் அத்தியாயம். மரத்தை அடியோடு வெட்டினால் புதுத் துளிரை மானும் மாடும் தின்றுவிடும். அதனால் அவற்றின் வாய்க்கு எட்டாத உயரத்தில் கிளைகளை மட்டும் வெட்டுவார்கள். மரம் சாகாது. சில வருஷத்தில் மறுபடியும் விறகு ரெடி. கிராப்பு வெட்டிக்கொள்வது மாதிரிதான். இந்த முடிச்சு ஒவ்வொன்றும் யாரோ ஓர் ஏழை வீட்டு அடுப்பு எரிந்ததற்கான ரசீது.

லௌடன் என்ற ஊர்க்காரர்களுக்கு நவம்பர் 11 நள்ளிரவிலிருந்து ஏப்ரல் 23 வரை கிளை வெட்டும் உரிமை இருந்தது. (எழுத்துக்கூட்டிப் பார்த்து நான் 'லஃப்டன்' என்றேன். அத்தான் மகள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.) முதல் ராத்திரி யாராவது வெட்டித் துவக்காவிட்டால் உரிமையே காலாவதியாகிவிடும் என்பது ஊர் நம்பிக்கை. பண்ணையார் மெயிட்லண்ட் அந்த ஊர்ப் பாதிரியாரும்கூட. அதாவது, வேலி போடுபவரும் பாவமன்னிப்புக்குப் பிரார்த்திப்பவரும் ஒரே ஆள்! ஆயிரம் ஏக்கருக்குமேல் வளைத்தார்.

ஊரில் ஒரு கதை சொல்வார்கள். ஒரு நவம்பர் 11-ம் தேதி ராத்திரி விறகுவெட்டிகளுக்கெல்லாம் பண்ணையார் தரப்பு தடபுடலாக விருந்து வைத்ததாம். பீர் ஆறாக ஓடியது. பன்னிரண்டு மணிக்கு ஒருத்தன்கூட எழுந்து நிற்கக் கூடாது என்று திட்டம். டாமஸ் வில்லிங்கேல் என்ற கூலித் தொழிலாளி மட்டும் நைசாக நழுவிப்போய், கோடாலியால் ஒரு கிளையை வெட்டிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜைக்கு எதிரே நின்றாராம்!

"சபாஷ்!" என்று அத்தான் கைதட்டியதில் இரண்டு வாத்துகள் பறந்தன. "அப்புறம்?"

"அடுத்த பெஞ்ச்."

"நீ ரொம்ப மோசம் மாப்ளே." நடந்தார்.

1866-ல் விறகு வெட்டியதற்காக வில்லிங்கேல் குடும்பத்துப் பையன்களுக்கு அபராதம் போட்டார்கள். கட்ட மறுத்து ஏழு நாள் ஜெயிலுக்குப் போனார்கள். கிழவர் விடவில்லை. பண்ணையார்மேல் வழக்குப் போட்டார். பொது நிலங்களைக் காப்பதற்காக 1865-ல் தொடங்கிய ஒரு சங்கம் துணைக்கு வந்தது. வாய்தாமேல் வாய்தா. 1870-ல் தீர்ப்பு வருவதற்குள் வில்லிங்கேல் இறந்துபோனார். வழக்கும் அவரோடு போயிற்று.

அத்தான் நின்றுவிட்டார். "செத்துட்டாரா?"

முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த அத்தியாயத்தின் கதாநாயகனே அந்த சிமெட்ரிதான்! ராத்திரி தூக்கக் கலக்கத்தில் படித்தபோது இது தோன்றவே இல்லை. எதை மறக்க இந்த மனுஷனை இவ்வளவு தூரம் கூட்டி வந்தேனோ, அங்கேயே கதை போய் நிற்கிறது. மாற்றிச் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். வாய் வரவில்லை.

"சொல்லு. அப்ப யார்தான் காப்பாத்தினா?"

"லண்டன் நகராட்சி, அத்தான். மொத்த ஊருக்கும் இல்லை. நடுவில ஒரு சதுர மைலுக்கு மட்டும் ஆட்சி பண்றாங்களே, அந்தப் பழைய சிட்டி கார்ப்பரேஷன்."

"அவங்களுக்கு எப்பிங் காட்டில என்ன வேலை?"

"அவங்களுக்குக் காட்டோட எல்லைக்குள்ள ஒரு நிலம் இருந்தது. அந்த நிலத்துக்காரங்க எங்கே வேணா மாடு மேய்க்கலாம். இங்கே வேலியே கிடையாதில்லையா? ஒரு ஊர் மாடு இன்னொரு ஊர் எல்லைல மேயும். அதனால உரிமையும் ஒரு பண்ணைக்கு மட்டுமில்ல, மொத்தக் காட்டுக்கும். எந்தப் பண்ணையார் வேலி போட்டாலும் 'என் மாட்டை மறிக்கறே'ன்னு கேஸ் போடலாம். 1871-ல போட்டாங்க. 1874-ல ஜெயிச்சாங்க. வேலியெல்லாம் சட்டவிரோதம்னு தீர்ப்பு. 1878-ல தனிச் சட்டமே வந்தது. இந்தக் காட்டை அடைக்கக் கூடாது, கட்டடம் கட்டக் கூடாது, என்னைக்கும் ஜனங்களுக்குத் திறந்திருக்கணும்னு."

அக்கவுன்டன்ட் மூளை விடுமா? "அந்த நிலம் எங்கே? எத்தனை ஏக்கர்? எதுக்கு வாங்கினாங்க?"

எச்சில் விழுங்கினேன். "ஏறக்குறைய 200 ஏக்கர். மேனர் பார்க்ல. வந்து... சிமெட்ரிக்காக வாங்கினது. 1856-ல திறந்தாங்க. உங்க வீட்டுப் பக்கத்தில இருக்கே... அதுதான்."

ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, அக்கா என்னை அடுத்த ஃப்ளைட்டில் ஏற்றிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். திடீரென்று அவர் தோள் குலுங்கியது. மாரடைப்போ என்று பதறி எழுந்தால்... சிரிக்கிறார்! ஜூலைக்கப்புறம் அவர் சிரித்தது அன்றைக்குத்தான் என்று அக்கா பிறகு சொன்னாள்.

"புதைக்கிறதுக்கு 200 ஏக்கர் வாங்கினானுங்க. கூடவே 6,000 ஏக்கருக்கு மேய்ச்சல் உரிமை இனாமா வந்திருக்கு! எந்த பாலன்ஸ் ஷீட்லயும் ஏறாத அசெட் மாப்ளே இது!"

நானும் பி.காம்.தான். (மெர்க்கன்டைல் லா பேப்பரில் இரண்டாவது அட்டெம்ப்ட்டில் 41 மார்க்.) ரசித்தேன்.

திரும்பும் வழியில் நீளக் கொம்பு மாடுகள் நாலைந்து மேய்ந்துகொண்டிருந்தன. காட்டின் பழைய மேய்ச்சலைத் தொடர்வதற்காகக் கார்ப்பரேஷன் வளர்க்கும் மாடுகள். இப்போதும் வேலி கிடையாது. கழுத்தில் ஒரு பட்டை. செல்போன் வரைபடத்தில் கோடு கிழித்துவிட்டால், மாடு அந்த எல்லையை நெருங்கும்போது பட்டை சத்தம் போடும். மீறினால் சுளீரென்று சின்ன ஷாக். சரியாக அந்த நேரம் அத்தானின் செல்போன் அலறியது. அக்கா!

"பார்த்தியா, நானும் எல்லையைத் தாண்டிட்டேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு லௌடன். ரயிலில் போனோம். ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் நடந்தால் கடைத்தெருவில் 'லாப்பிங் ஹால்', கிளைவெட்டு மண்டபம். 1878 சட்டம் காட்டை எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஆனால் கிளை வெட்டும் உரிமையை ரத்து செய்துவிட்டது. அதற்கு நஷ்டஈடாக வந்த பணத்தில்தான் 1884-ல் இந்த மண்டபத்தைக் கட்டினார்கள். எனக்கு இது கொஞ்சம் நெருடுகிறது. 1882-ல் விக்டோரியா மகாராணி ஹை பீச்சுக்கு வந்து, இந்தக் காடு என்றைக்கும் என் மக்கள் அனுபவிக்க என்று அறிவித்துவிட்டுப் போனார். அவர் சொன்ன மக்கள் ஞாயிற்றுக்கிழமை நடக்க வருகிற எங்களைப் போன்றவர்கள். விறகுக்காக ஜெயிலுக்குப் போனவன் குளிருக்கு மண்டபத்தையா கொளுத்த முடியும்? அத்தானிடம் சொன்னேன். மண்டபத்தை ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "செட்டில்மென்ட்டில் யாரோ நல்லா கையெழுத்து வாங்கியிருக்கான்" என்றார்.

அன்றைக்கு ஹை பீச் வரைக்கும் ஏற்றம். நாலு இடத்தில் உட்கார்ந்தோம். ஏரியைச் சுற்றுவதுபோல் சுலபமில்லை. புதிதாக நடக்க ஆரம்பிப்பவர்கள் முதலில் ஏரியோடு நிறுத்திக்கொள்ளலாம். மேலே காட்டோரம் ஒரு டீக்கடை. மோட்டார் சைக்கிள்காரர்கள் கூட்டம் அலைமோதுகிறது. சர்க்கரை போடாத டீ அவருக்கு, போட்டது எனக்கு. வழியில் குடை குடையாகக் காளான். அக்காவுக்குப் பறித்துக்கொண்டு போகலாம் என்று குனிந்தால், காளான் பறிக்கத் தடை என்று போர்டு!

மூன்றாவது ஞாயிறு அத்தானே ஷூவை மாட்டிக்கொண்டு முன்னால் நின்றார். கதை தீர்ந்துபோயிற்றே என்று எனக்குத்தான் கவலை.

ஊருக்குத் திரும்பி ஒரு மாசம் கழித்து அக்கா போன் செய்தாள். தினமும் காலையில் ஏழு மணிக்குக் கிளம்பிவிடுகிறாராம். காரும் இல்லை, ரயிலும் இல்லை. வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸுக்கு நடந்தே.

"சிமெட்ரி பக்கமாவா?"

"மதிலை ஒட்டித்தான்டா போறாராம். இரு, அவரே பேசணுமாம்."

"மாப்ளே, அந்த கேட்டுக்கு தினம் ஒரு குட்மார்னிங் சொல்லிட்டுத்தான் போறேன். ஆனா உங்க அக்காகிட்ட சொல்லிடு... மதிலுக்கு வெளிப்பக்கமாத்தான் நடக்கறேன்!"