எலிப்பொறியில் மாட்டிய எங்கெல்பார்ட்

டக்ளஸ் எங்கெல்பார்ட் 2013 ஜூலையில் இறந்தார். அஞ்சலிக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வந்தது ஒன்றுதான்: மவுஸைக் கண்டுபிடித்தவர். ஒரு மனிதரை இதைவிட மோசமாகப் புகழ முடியாது. ஊருக்கே நூலகம் கட்டியவரை, வாசற்கதவுக்கு நல்ல கைப்பிடி போட்டவர் என்று சொல்லி வழியனுப்புவது மாதிரி.

அவருடைய கவலை வேறு. உலகத்தின் சிக்கல்கள் நம் மூளையைவிட வேகமாக வளர்கின்றன. மனிதர்கள் கூடி யோசிப்பதற்கு ஒரு கருவி வேண்டும். 1962இல் எழுதிய அறிக்கையிலேயே இதற்கான வரைபடத்தைப் போட்டுவிட்டார். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோ மாநாடு ஒன்றில் 90 நிமிடம் அதைச் செய்தும் காட்டினார். துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்துக்கிடந்த காலம் அது. அவரோ மேடையில் உட்கார்ந்தபடி, சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்த பில் பாக்ஸ்டனோடு பேசிக்கொண்டே, ஒரே திரையில் ஒரே ஆவணத்தில் வேலை செய்தார். சொல்லைத் தொட்டால் இன்னொரு பக்கம் திறந்தது. மவுஸ் அதில் ஒரு உதிரிபாகம். அதையும் செய்துகொடுத்தது அவருடைய சகா பில் இங்கிலிஷ்.

“அதான் கூகுள் டாக்ஸ் வந்துடுச்சே, அப்புறம் என்ன?” என்று கேட்பீர்கள். வரலைங்க. ஒரே தாளில் பத்து பேர் எழுதுவது வேறு, பத்து பேர் சேர்ந்து யோசிப்பது வேறு. ஒரு குழு தன் வேலையை மட்டுமல்ல, வேலை செய்யும் முறையையும் தொடர்ந்து மேம்படுத்த வேண்டும் என்பதுதான் அவர் சொன்னது. அதற்குப் பழக்கம் வேண்டும், நாளாகும். இடது கைக்கு ஐந்தே விசைகள் கொண்ட ஒரு பலகை வைத்திருந்தார். வாத்தியம் மாதிரி, கற்றால்தான் வசப்படும்.

அதில்தான் தோற்றார். அவருடைய ஆட்கள் பலர் ஜெராக்ஸின் ஆய்வகத்துக்குப் போனார்கள். ஆளுக்கொரு கணினி, பார்த்த உடனே புரிய வேண்டும் என்பது அங்கே கொள்கையானது. 1977இல் அவருடைய மென்பொருள் டைம்ஷேர் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பிறகு விமானம் செய்யும் மெக்டானல் டக்ளஸ் அதை வாங்கியது. 1989இல் ஆய்வகத்தையே மூடினார்கள். மவுஸால் அவருக்கு ராயல்டி ஒரு காசு வரவில்லை.

எளிமை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. நம் கைக்குக் கணினி வந்ததே அதனால்தான். அவருடைய பிடிவாதம் கூட இருந்தவர்களையே களைப்படைய வைத்ததும் உண்மை. ஆனால் ஒரு கடினமான நாவலுக்கு இரண்டு மாதம் கொடுக்கிற நாம், ஒரு மென்பொருள் இரண்டு நிமிடத்தில் பிடிபடவில்லை என்றால் தூக்கி எறிகிறோமே, ஏன்? மூன்று சக்கர வண்டிக்குப் பயிற்சி வேண்டாம், விழவும் மாட்டோம். சைக்கிள் அப்படியில்லை என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

1997இல் டூரிங் விருது கொடுத்தோம். வண்டியை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.