கதவைத் திறப்பதே கட்டளை

கஷ்டகாலம் வந்ததும் நாம் முதலில் செய்வது கதவைத் தாழிடுவதுதான். அயலானை நேசி என்ற கட்டளையை, நிலைமை சீரான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கிறோம். பிரான்ஸின் மலைக்கிராமமான லெ ஷாம்போன் அப்படி ஒத்திவைக்கவில்லை. 1940இல் ஜெர்மனியிடம் பிரான்ஸ் வீழ்ந்த பிறகு, யூதர்களை வேட்டையாடுவதில் பிரான்ஸ் அரசே துணைநின்றது. போரால் உணவுப்பொருள்கள் பங்கீட்டில்தான் கிடைத்தன. அந்த நிலையிலும் அந்த ஊர்ப் போதகர் ஆந்த்ரே த்ரோக்மேயும் மனைவி மக்தாவும் அடைக்கலம் தேடி வந்த யூதர்களை ஏற்றுக்கொண்டார்கள். ஊராரும் தங்கள் வீடுகளையும் பண்ணைகளையும் திறந்துவிட்டார்கள். போலி அடையாள அட்டைகள் தயாராயின. சிலர் சுவிட்சர்லாந்து எல்லைவரை அழைத்துச் செல்லப்பட்டார்கள். விலையும் கொடுக்க நேர்ந்தது. 1943இல் த்ரோக்மே கைதாகிச் சில வாரங்கள் முகாமில் இருந்தார். அகதிச் சிறுவர்களைப் பராமரித்த அவருடைய உறவினர் தானியேல் த்ரோக்மே, மறு ஆண்டு மைதானெக் வதைமுகாமில் இறந்தார். அந்த ஊரார் பெரும்பாலும், ஒரு காலத்தில் மதத்துக்காக வேட்டையாடப்பட்ட ஹியூகனோட் கிறிஸ்தவர்களின் வழிவந்தவர்கள். பட்ட துன்பத்தின் நினைவு அவர்களைக் கசப்பில் தள்ளவில்லை. அடுத்தவர் துன்பத்தை அடையாளம் காணச் செய்தது. வந்தவர் தம் மதத்தவரா என்பது அவர்களுக்குத் தடையாகவில்லை. நல்ல சமாரியன் உவமையின் சாரமும் இதுதான்: அடிபட்டுக் கிடப்பவன் எந்த இனம் என்பதல்ல, நாம் அவனுக்கு அயலானாக நடந்தோமா என்பதே கேள்வி. இன்று வேலையிழந்தவரும் வீடிழந்தவரும் நம் திருச்சபைகளின் வாசலுக்கு வருகிறார்கள். அவர்களுக்காக ஜெபிப்போம், அதோடு நிற்காமல், நமக்கே குறைவாக இருக்கும்போதும் பகிர்வோம். மிஞ்சியதைக் கொடுக்க விசுவாசம் தேவையில்லை. குறைவிலிருந்து கொடுக்கத்தான் அது தேவை.