வெள்ளம் வடிந்த ஐந்தாவது நாள் எங்கே தூங்குவது?

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தூத்துக்குடி மாவட்டத்தின் பெரும்பகுதி தண்ணீரில் நின்றது. செய்துங்கநல்லூரில் பள்ளிவாசல் கதவு திறந்தது. சுமார் 30 இந்துக் குடும்பங்கள் நான்கு நாள் அங்கேயே தங்கிச் சாப்பிட்டன. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு புதுக்குடி மக்கள் ஊர்க் கோயிலில் சமைத்துப் போட்டார்கள்.

எல்லாரும் 'மதநல்லிணக்கம்' என்று ஷேர் பண்ணினோம். தப்பில்லை. ஆனா, ஐந்தாவது நாள் என்ன ஆகும்?

தண்ணி வடிஞ்சா வீட்டுக்குப் போயிடலாம். வீடே இடிஞ்சவங்க எங்கே போவாங்க? சொந்தக்காரர் வீட்டுத் திண்ணை, கொஞ்ச நாள் கழித்து இன்னொருவர் வீடு என்று அலைவார்கள். ரோட்டில் படுக்காததால் 'வீடற்றோர்' கணக்கிலும் வரமாட்டார்கள்.

அரசுக் காப்பகம் இருக்கிறதே?

நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும் காப்பகம் என்பது தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் அளவுகோலாக இருந்தது. விளாத்திகுளம் ஒரு பேரூராட்சி. லட்சத்துக்கு வெகு கீழே. அதே தாலுகாவின் வேம்பார், வைப்பாறு எல்லாம் கிராமங்கள். நகர்ப்புறத் திட்டம் அங்கே எட்டாது. ஆனால், இந்தப் பக்கம் கோயில் மண்டபமோ, சர்ச் ஹாலோ, ஜமாத் கட்டடமோ இல்லாத ஊர் அபூர்வம். வருஷத்தில் பாதி நாள் அவை பூட்டித்தான் கிடக்கின்றன.

வேறு எங்காவது செய்கிறார்களா?

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1986-ல் கரேன் ஓல்சன் என்பவர் ஒரு முறையைத் தொடங்கினார். வீடிழந்த சில குடும்பங்களை ஒரு வாரம் ஒரு சர்ச், அடுத்த வாரம் இன்னொரு வழிபாட்டுத்தலம் என்று முறைவைத்துத் தங்கவைப்பது. சுமை யார் தலையிலும் மொத்தமாக விழாது. இடையில் அந்தக் குடும்பம் வேலையும் வீடும் தேடும். 'ஃபேமிலி பிராமிஸ்' என்ற பெயரில் அது இன்று நாடு முழுக்க இயங்குகிறது.

நமக்கும் இது புதுசில்லை. கொடைக்கு வரிபிரித்து, முறைவைத்து வேலை செய்கிற ஊர்கள்தானே? அதே பழக்கத்தை இதற்கும் கொண்டுவரலாம். மழைக்காலத்துக்கு முன்பே தாலுகா அலுவலகத்தில் ஒரு பட்டியல் வேண்டும்: எந்த மண்டபம், எத்தனை குடும்பம், எத்தனை நாள், சாவி யாரிடம். குடும்பத்துக்கு ஒரு தடுப்புத் திரை, பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, பிள்ளைகள் அதே பள்ளிக்குப் போக வழி. சாதி கேட்கக் கூடாது. சாமி கும்பிடச் சொல்லக் கூடாது. கரண்ட், தண்ணீர்ச் செலவை அரசு ஏற்க வேண்டும்.

இடிந்த வீட்டைக் கட்டித்தரும் பொறுப்பு அப்போதும் அரசுடையதுதான். மண்டபம் இருக்கிறதே என்று அது கைகழுவிவிடக் கூடாது.

அன்று செய்துங்கநல்லூரில் கதவு திறந்தது, அங்கிருந்தவர்களின் நல்ல மனசால். அடுத்த மழைக்கு நல்ல மனசு மட்டும் போதாது. யாரிடம் சாவி என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.