கடல் தாண்டும் வரி

வரி கொடுப்பதில் பிரஜைகளுக்கு உற்சாகம் பொங்கியதாக எந்தத் தேசத்துச் சரித்திரமும் சொல்லவில்லை. ஆயினும், குடியிருக்கும் தேசத்துச் சர்க்காருக்கு வரி செலுத்துவது முறை என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். அது போட்ட சாலையில் நடக்கிறோம். அதன் காவலில் உறங்குகிறோம். அநேக தேசங்களின் வருமான வரிச் சட்டம் இந்த நியாயத்தையே தழுவியது. நம் இந்தியச் சட்டமும், ஒருவர் வருஷத்தில் எத்தனை நாள் இங்கே தங்கினார் என்பதையே முக்கியமாகப் பார்க்கிறது.

ஐக்கிய அமெரிக்காவின் வழி வேறு. அதன் பிரஜை எந்த மூலையில் வாழ்ந்தாலும் வாஷிங்டனுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். மெக்ஸிகோ நகரில் குடியிருந்த ஓர் அமெரிக்கர், இது நியாயமா என்று வழக்காடினார். பிரஜை எங்கிருந்தாலும் சர்க்காரின் பாதுகாப்பு அவருக்கு உண்டு. ஆகவே வரியும் உண்டு என்று 1924-ல் அந்நாட்டு ஸுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு எழுதுவது எளிது, வசூலிப்பது எப்படி? ஒரு தேசத்தின் வரிப் பாக்கியை மற்றொரு தேசத்தின் நீதிமன்றம் வசூலித்துத் தராது என்பது பழைய வழக்கம். இதை நாமே அநுபவித்திருக்கிறோம். டில்லிக்கு மின்சாரம் அளித்து வந்த ஆங்கிலக் கம்பெனி ஒன்று 1947-ல் தன் தொழிலை நம் சர்க்காருக்கு விற்று, பணத்தை இங்கிலாந்துக்குக் கொண்டு போயிற்று. அந்த லாபத்துக்கு நாம் வரி கேட்டபோது, அந்நிய வரியை வசூலிப்பது தங்கள் வேலையன்று என்று 1955-ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை கையை விரித்துவிட்டது.

ஆகையால் அமெரிக்கா பாங்கியைப் பிடித்தது. அந்நிய பாங்கிகள் தங்களிடமுள்ள அமெரிக்கரின் கணக்குகளைத் தெரிவிக்க வேண்டும். மறுத்தால், அமெரிக்காவிலிருந்து அவற்றுக்கு வரும் சில வருமானங்களில் நூற்றுக்கு 30 பிடித்துக்கொள்ளப்படும் என்று 2010-ல் சட்டம் செய்தது. டாலரை வேண்டாமென்று சொல்லும் பெரிய பாங்கி எங்கே இருக்கிறது? 2015-ல் இந்தியாவும் உடன்படிக்கை செய்துகொண்டது. சென்னையில் பாங்கிக் கணக்குத் தொடங்குகிறவரையும் அமெரிக்க வரிக்கு உட்பட்டவரா என்று விண்ணப்பத் தாள் விசாரிப்பதன் ரகசியம் இதுதான்.

வாஷிங்டனுக்குக் கருணையே இல்லை என்று சொல்லமாட்டோம். வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதித்ததில் 2024-ஆம் வருஷத்துக்கு 1,26,500 டாலர் வரை விலக்குக் கோரலாம். அங்கே கட்டிய வரிக்கும் கழிவு உண்டு. பலருக்குப் பாக்கி பூஜ்யம்தான். ஆனால் அந்தப் பூஜ்யத்தையும் எழுதி அனுப்பியாக வேண்டும்! ருமேனியாவில் வாழ்ந்த ஓர் அமெரிக்கப் பிரஜை, தம் பாங்கிக் கணக்குகளின் பட்டியலை ஐந்து வருஷங்களுக்குக் காலத்தில் அனுப்பவில்லை. வேண்டுமென்றே மறைத்தார் என்று சர்க்காரும் சொல்லவில்லை. ஆயினும் ஐந்து பட்டியல்களிலும் கண்ட கணக்குகளைக் கூட்டி 272 என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் 10,000 வீதம் 27 லட்சத்து 20 ஆயிரம் டாலர் அபராதம் விதித்தார்கள். அபராதம் பட்டியலுக்கே தவிர, கணக்குக்கு அன்று என்று 2023-ல் ஸுப்ரீம் கோர்ட் சொன்னது. ஐந்து பட்டியலுக்கு 50,000 டாலர், அவ்வளவே.

அவராவது தாமே விரும்பி அமெரிக்கப் பிரஜையானவர். தகப்பனார் உத்தியோகத்துக்குச் சென்ற இடத்தில் பிறந்து, கைக்குழந்தையாகவே திருச்சிக்கோ மதுரைக்கோ திரும்பி வளர்ந்தவர்களை நினைத்துப் பாருங்கள். பிறந்த ஒரே காரணத்தால் அவர்கள் அமெரிக்கப் பிரஜைகள். அந்தச் சட்டம் அவர்களையும் தேடி வருகிறது. குடியுரிமையைத் துறக்கலாம், ஆனால் அந்தச் சந்நியாசத்துக்கும் முந்தைய ஐந்து வருஷ வரிக் கடமைகளை முடித்ததாக உறுதி கூற வேண்டும். இல்லாவிடில் கடுமையான விதிகள் காத்திருக்கும். இத்தகைய பிள்ளைகளைப் பெற்றவர்கள், பாஸ்போர்ட்டை அலமாரியில் பத்திரப்படுத்துவதோடு, அதனுடன் வரும் பொறுப்பையும் காலத்தில் சொல்லி வைப்பது நலம்.

வரி கேட்பது ராஜாங்கத்தின் உரிமை. தன் பிரஜைதான் என்பதையே அறியாதவனை அபராதத்தின் மூலம் அறிமுகம் செய்துகொள்வது எந்த ராஜாங்கத்துக்கும் அழகன்று.