‘ஜுகாட்’ என்னும் பாராட்டும் வள்ளத்தின் பின்பலகையும்

இந்தியக் கல்விப்புலத்தில் சில ஆண்டுகளாக ஒரு சொல் மிகுந்த செல்வாக்கோடு உலவிவருகிறது: ஜுகாட். தண்ணீர் இறைக்கும் டீசல் இயந்திரத்தை மரச்சட்டத்தில் பூட்டி ஓட்டிய வட இந்திய நாட்டுப்புற வண்டிக்கும் பெயராக இருந்த இச்சொல், 2012இல் ‘ஜுகாட் இன்னோவேஷன்’ என்ற நூல் வெளியான பிறகு மேலாண்மைப் பள்ளிகளின் மந்திரமாயிற்று. அங்கிருந்து சமூக அறிவியல் கருத்தரங்குகளுக்குள் நுழைந்தது. இப்போது குட்டநாட்டில் ஒரு முதியவர் முப்பதாண்டுப் பழைய அவுட்போர்டு மோட்டாரைத் தட்டையடி வள்ளத்தில் பொருத்தி ஓட்டினால், அதைப் படம் பிடிக்கும் ஆய்வாளர் அடியில் எழுதும் ஒரே சொல் இதுதான். மலையாளம் பேசும் அம்முதியவரின் அன்றாடப் பேச்சில் அச்சொல்லுக்கு இடமே இல்லை என்பதைக்கூட எவரும் பொருட்படுத்துவதில்லை.

இதைப் பாராட்டு என்று நினைத்தே எழுதுகிறார்கள். பாராட்டுப் போல் ஒலிக்கும் இழிவு இது. விதியறியாதவன் கையில் கிடைத்ததைக் கொண்டு ஒப்பேற்றிவிட்டான், அது எப்படியோ ஓடிவிட்டது என்பதே இச்சொல்லின் உட்பொருள். ‘எப்படியோ’ என்ற இடத்தில்தான் ஆராய்ச்சி தொடங்கியிருக்க வேண்டும். அங்கே அது முடிந்துவிடுகிறது.

அந்த ‘எப்படியோ’வைச் சற்று நின்று பார்க்கலாம். சிறிய அவுட்போர்டு மோட்டாரின் தண்டு பெரும்பாலும் இரண்டு அளவுகளில் வரும்: 15 அங்குலம், 20 அங்குலம். சுழல்விசிறிக்கு மேலே உள்ள கிடைத்தகடு வள்ளத்தின் அடிமட்டத்தோடு ஒட்டியோ, ஓர் அங்குலம் தாழ்ந்தோ இருக்க வேண்டும். மேலே போனால் விசிறி காற்றை உறிஞ்சி வெறுமனே சுழலும். கீழே போனால் சேற்றைக் கிளறும், தண்ணீரின் இழுவிசையும் கூடும். வள்ளத்தின் பின்பலகை மோட்டாருக்காக அளந்து செய்யப்பட்டதன்று. ஆகவே எந்த மரத்துண்டை எவ்வளவு கனத்தில் இடையே வைப்பது என்பது கணக்கு. தட்டையடி வள்ளத்துக்கு நீரைப் பிடித்து நிற்கும் அடிக்கட்டை இல்லை. வேகமாகத் திருப்பினால் பக்கவாட்டில் வழுக்கும், அந்த வழுக்கலில் விசிறி காற்றுக்கு அகப்படும். முப்பது நாற்பது கிலோ மோட்டாரும் ஓட்டுபவரும் பின்முனையிலேயே இருந்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும். கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி நீட்டிக்கொண்டு வள்ளத்தின் நடுப்பகுதிக்கு நகர்ந்து உட்காருவது அதனால்தான். ஒளிப்படத்தில் அந்தக் குழாய் வேடிக்கையாகத் தெரிகிறது. எடைச்சமன் என்ற சொல்லைப் பொறியியல் மாணவர் வகுப்பறையில் படிக்கிறார்.

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாரென்றால் ஒழுங்கு இன்னும் கடுமையானது. பெட்ரோலில் கிளப்பி, இயந்திரம் சூடேறிய பிறகே திருகை மாற்ற வேண்டும். கரை நெருங்கும்போது மறுபடியும் பெட்ரோலுக்கு வந்து, கார்புரேட்டரில் தங்கிய மண்ணெண்ணெய் எரிந்து தீர்ந்த பின்னரே நிறுத்த வேண்டும். மறந்தால் மறுநாள் விடியலில் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் பயனில்லை. எண்ணெய்க் கலவையிலும் இதே கண்டிப்பு. 50க்கு 1 கேட்கும் மோட்டாரும், அதற்கு மூத்ததாய் 25க்கு 1 கேட்கும் மோட்டாரும் ஒரே கடவில் கட்டிக் கிடக்கும். குறைந்தால் பிஸ்டன் இறுகும், கூடினால் பிளக் கரியேறும்.

இனி, பாசி. 1970களில் தண்ணீர்முக்கம் தடுப்பணை வந்தது. கடலின் உப்புநீர் வயலுக்குள் ஏறாமல் தடுப்பது அதன் பணி. கடல்மட்டத்துக்குக் கீழே நடக்கும் குட்டநாட்டு நெல்வேளாண்மையை ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் உலக மரபாக ஏற்றது. அந்தப் பெருமையில் இத்தடுப்பணைக்கும் பங்குண்டு. ஆனால் முன்பு ஆண்டுதோறும் உப்பேறி நீர்க்களைகளை அழித்துவந்த இயற்கை முறை அதனால் நின்றுபோயிற்று. ஆகாயத்தாமரையும் ‘ஆப்பிரிக்கப் பாயலும்’ கால்வாய்களை மூடின. (பின்னது பிரேசிலிலிருந்து வந்தது, பெயர் சூட்டியவர்கள் ஒரு கண்டம் தவறிவிட்டார்கள்.) மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீர் நுழையும் துளை நீருக்கடியில், தண்டின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. களை அதை அடைத்தால் உள்ளே சுழலும் ரப்பர்ச் சக்கரம் உலர்ந்து, சிறிது நேரத்தில் கருகிவிடும். ஆகவே ஓட்டுபவரின் ஒரு கண் எப்போதும் மோட்டாரின் பக்கத்தில் பீச்சும் மெல்லிய நீர்த்தாரையின்மேல் இருக்கும். அது மெலிந்த கணத்தில் விசையைத் தணித்து, பின்னோக்கிச் சுழற்றிக் களையை உதறுகிறார். ஓர் அணைத்திட்டத்தின் விளைவை ஐம்பது ஆண்டுகளாக அன்றாடம் அளந்துவரும் கண் அது. அக்கண்ணை எந்தச் சுற்றுச்சூழல் ஆய்வு தரவாகக் கொண்டது?

மொழியியல் மாணவருக்கு இக்கதை பழக்கமானது. ஒரு காலத்தில் எழுதப்படாத வழக்குகளெல்லாம் ‘சிதைந்த பேச்சு’ எனப்பட்டன. நியூயார்க்கின் கறுப்பினச் சிறுவர்கள் பேசும் ஆங்கிலத்துக்கு இலக்கணமே இல்லை என்று கல்வி உளவியலாளர்கள் கருதிய நாளில், 1969இல் வில்லியம் லபோவ் அதன் உள்விதிகளை எடுத்துக்காட்டினார். அச்சிறுவர்களின் சாமர்த்தியத்தை அவர் மெச்சவில்லை. விதிகளை எழுதினார். வேறுபாடு அங்கேதான். வள்ளத்துக்காரரின் சாமர்த்தியத்தை மெச்சுவோர் பலர்; அவருடைய விதிகளை எழுதியவர் யார்? தவறாகப் பொருத்திய மோட்டாரைக் காட்டினால் அவர் உடனே ‘இது சரியன்று’ என்கிறார். சரி, தவறு என்ற தீர்ப்பு இருக்கும் இடத்தில் இலக்கணம் இருக்கிறது.

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கேரளக் கடற்கரையிலிருந்து மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூருக்கும் ஆரன்முளைக்கும் போனார்கள். முதலமைச்சர் அவர்களைக் கேரளத்தின் சொந்தப் படை என்றார். படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் அறிவித்தார். பல்லாயிரம் உயிர்கள் அவர்களால் பிழைத்தன. அதன்பின் வந்த கட்டுரைகளில் திரும்பத் திரும்ப இடம்பெற்ற சொற்கள் துணிவு, தியாகம், மனிதநேயம். எல்லாம் உண்மை. ஆனால் மூழ்கிய மதில்களுக்கும் இரும்புக் கதவின் கூர்முனைகளுக்கும் மேலாக மோட்டாரை ஓட்டியது துணிவு மட்டுமா? ஆழமில்லாத இடத்தில் தண்டைச் சாய்த்துத் தூக்க வேண்டும். மிகையாகத் தூக்கினால் குளிர்நீர்த்துளை வெளியே வந்துவிடும். அந்த இரண்டு விரற்கடை இடைவெளியில் ஒரு குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போனார்கள். பல பழைய மோட்டார்களில் விசிறியின் குறுக்கே ஒரு சிறு முளை உண்டு. விசிறி கல்லில் மோதினால் பற்சக்கரங்களைக் காப்பதற்காக அது தான் ஒடிந்துகொள்ளும். மாற்று முளையைச் சட்டைப்பையில் வைத்திருப்பவருக்கும் இல்லாதவருக்கும் இடையே வெள்ளத்தில் எவ்வளவு தூரம்! வீரன் என்று அழைப்பதற்குச் செலவில்லை. அறிஞன் என்று அழைத்தால் குழுவில் இருக்கை தர வேண்டியிருக்கும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, வலுவானதும்கூட. பழைய இரட்டை வீச்சு மோட்டார் எரிபொருளில் ஏறத்தாழக் கால் பங்கை எரிக்காமலே வெளியேற்றுகிறது. அது நேரே தண்ணீரில் கலக்கிறது. வேம்பநாடு 2002 முதல் ராம்சர் ஈரநிலம். இந்த மோட்டார்கள் என்றென்றும் ஓட வேண்டும் என்று அறிவுடையோர் எவரும் வாதிட மாட்டார்கள். ஆனால் அவற்றை ஒழிக்கச் சொல்லும் அதே நாவு, சுற்றுலாப் படகுவீடுகளின் டீசல் இயந்திரங்களைப் பற்றிப் பேசும்போது ஏன் தாழ்கிறது? மாற்றாகத் தரப்படும் நான்கு வீச்சு மோட்டாரும் மின்மோட்டாரும் இந்தக் களையில், இந்தச் சேற்றில், இந்தப் பின்பலகையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சோதனைக்கூடத்தில் கேட்டால் விடை கிடைக்காது. கேட்க வேண்டிய ஆளுக்கு ‘ஜுகாட்’ என்று பெயர் வைத்து அனுப்பிவிட்ட பிறகு யாரிடம் கேட்பது?

மண்ணெண்ணெய் விலையும் ஒதுக்கீடும் இந்த மோட்டார்களின் நாள்களை எண்ணத் தொடங்கிவிட்டன. அவை பழைய இரும்புக்குப் போகும்போது விதிகளும் கூடவே போகும். நீரளவு எடுக்கவும், பறவை எண்ணவும், உரையாடல் பதிவுசெய்யவும் ஆண்டுதோறும் ஆய்வு மாணவர்கள் இவ்வள்ளங்களில் ஏறுகிறார்கள். ஒலிப்பதிவுக் கருவி மடியிலேயே இருக்கிறது. பின்னால் அமர்ந்திருப்பவர் ஓட்டிக்கொண்டே பேசிவருகிறார். மோட்டாரின் இரைச்சல் பதிவைக் கெடுப்பதாகச் சொல்லி அப்பகுதியை வெட்டிவிடுகிறார்கள். ஆய்வேட்டின் நன்றியுரையில், தட்டச்சு செய்தவருக்கு அடுத்து, பெயரில்லாமல் ‘படகோட்டிக்கும்’ ஒரு வரி கிடைக்கிறது.